இரண்டு காற்று

இஸாஃபியோர்துரில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்
மூன்று வாரம்.
ஹ்யால்டி கதவுக்குப் பின்னால் போய்
பதினொரு நாள்.
மலைமீது எனக்குக் கோபமில்லை.

ஒன்பது வருடம் இறால் ஆலையின் நீராவி
அவன் மார்புக்குள் போயிற்று.
இப்போது என் பட்டறைத் தூசு
சட்டை மடிப்பில் ஒளிந்து வந்தாலே போதும்,
இரவெல்லாம் விசில்.
கெட்டில் கொதிக்கிறதென்று இரண்டு முறை
எழுந்து போயிருக்கிறேன்.

ஒரே வீட்டுக்குள் தொலைபேசியில் சண்டை போடுகிறோம்.
"உன் மூஞ்சி தெரியாமல் திட்டுவது
சுவரைத் திட்டுவது மாதிரி" என்றேன்.
"அப்படியானால் ஒரு ஜன்னல் வெட்டு" என்றான்,
கேலியாகத்தான்.
நான் அளவுநாடாவை எடுத்துவிட்டேன்.

நாற்பதுக்கு முப்பது. பைன் மரம்.
நான்கு மூலையிலும் துளை.
ஒரு துளை வழியே அவன் பென்சில் முனை நீட்டியது;
துளைக்குத் துளை
தன் பக்கமும் கோடு போடுகிறானாம்.
முகமூடி போட்டுக்கொள் என்றேன்.
போட்டாயிற்று என்று முனகினான், முகமூடிக் குரலில்.

ஜிக்சாவுக்கு ஒரு சின்ன மூச்சு உண்டு.
பிளேடுக்கு முன்னால் ஊதிக்கொண்டே போகும்,
கோட்டின்மேல் தூள் உட்கார விடாது.
பின்னால் குழாய் மாட்டினால்
இன்னொரு மூச்சு, உள்ளே இழுப்பது.
இரண்டையும் சேர்த்து ஓட்டக்கூடாது.
ஒன்று விரட்டுவதை மற்றதால் பிடிக்க முடியாது;
தூசு அறை முழுக்க ஊர்வலம் போகும்.

கோடு வேண்டுமா, அவன் வேண்டுமா.
ஊதும் விசையை அணைத்தேன்.

முதல் பக்கம் நன்றாகத்தான் போயிற்று.
மூக்குக்கு அடியில் இருக்கும் குட்டி விளக்கு
கோட்டை மஞ்சளாகக் காட்டியது.
இரண்டாவது பக்கத்தில்
தூசு மறைக்கும் கண்ணாடி மூடியிலேயே தூசு ஒட்டிக்கொண்டது.
குளிர்கால வறட்சி, எதிலும் எதுவும் ஒட்டும்.
துடைத்தேன். வெட்டினேன். துடைத்தேன்.
மூன்றாவது பக்கத்தில்
கண்புரை விழுந்தவள்போல் நின்றேன்.
மூடியைக் கழற்றலாம், கோடு தெரியும்.
கழற்றினால் குழாய் பாதியைத்தான் இழுக்கும்.

"ஸ்டெய்ன்வோர், ஏன் நிறுத்திவிட்டாய்?"

தெரியவில்லை என்றேன்.
பதினொரு நாளில்
நான் சொன்ன முதல் உண்மை அதுதானோ என்னவோ.

"எனக்குத் தெரிகிறது," என்றான்.
"விளக்கை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.
நீ வெட்டிய இடமெல்லாம் கீற்றாக வெளிச்சம்.
பிளேடு நுனி வந்து வந்து போகிறது.
என் கோட்டைவிட்டு ஒரு நூல் இடப்பக்கம் போயிருக்கிறாய்.
உனக்கு அது வலப்பக்கம்.
திருப்பு. இன்னும். போதும்.
இப்படியே வா."

இப்படியே போனேன்.
என் கைக்குள் மெஷின் அதிர்ந்தது,
மரத்துக்கு அப்பால் ஒருவன்
மெல்ல மெல்ல என்றான்.
கடைசி அங்குலத்தில் அவன் சொல்லவேயில்லை.
சொல்லாதபோதும் நிற்காமல் போனேன்.

துண்டு என் பக்கம் சாய்ந்தது. தாங்கிக்கொண்டேன்.

இந்த பிளேடின் பற்கள் மெஷினைப் பார்த்துத்தான் கடிக்கும்.
அதனால் என் பக்க விளிம்பெல்லாம் பிசிறு,
தூளும் என் பக்கம்தான்.
அவன் பக்கம் கத்தியால் நறுக்கியதுபோல் சுத்தம்.
இதை முன்பே அறிவேன்.
அறிந்துதான் இந்தப் பக்கம் நின்றேன் என்று
சொல்லிக்கொள்ள ஆசைதான்;
அவன் அறைக்குள் மெஷினோடு யார் விடுவார்கள்.

கண்ணாடியைப் பொருத்தி ஓரமெல்லாம் பசை தடவுகிறவரை
மூச்சை அடக்கிக்கொண்டிருந்தானாம்.
பிறகு விளக்கைப் போட்டான்.

தாடி வளர்ந்திருந்தது. ஒரு பக்கம் நரை கூடியிருந்தது.
அவன் என் புருவத்தைச் சுட்டிக் காட்டினான்.
தொட்டுப் பார்த்தேன்: மரத்தூள்.

தொலைபேசி அடித்தது.
எடுத்தேன், அவன் உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டே.

"சரி," என்றான்,
"எங்கே விட்டோம்? அந்த மின்சார பில்."